ஆறு ஊசிகள்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சரோஜினிதேவி டீச்சர் தன் மகனிடம் ஒரு பொய் சொன்னார். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லி ஐந்து மணி நேரம் ஆவதற்குள் அந்தப் பிள்ளை பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

காலையில் நடந்தது இதுதான். மகன் விவேகானந்தன் சமையலறைத் தரையில் முழங்காலில் நின்று, நாய்க்கு ஊசியைப் போட்டுவிட்டு, அதன் விலாவைப் பார்த்தபடி மணிக்கூட்டை வைத்து மூச்சை எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"நிமிசத்துக்கு அறுவத்திநாலு, அம்மா. நேற்று முப்பத்தெட்டுத்தான். மத்தியான ஊசி எல்லாம் நேரத்துக்குப் போட்டனீங்கள்தானே?"

"ஓம்."

"ஒண்டும் தவறேல்லையே?"

டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டுகஸ்தோட்டையில் அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். விடை சரியென்றாலும் வழி காட்டாவிட்டால் புள்ளி வெட்டுகிற மனிசி அவர்.

"அப்ப மருந்து காணாது. அளவைக் கூட்டவேணும். நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அவன் பேராதனைக்கு ஓடினான்.

நாய் றோசிக்கு வந்திருக்கும் நோயைப் போன கிழமைகளில் சொல்லியிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. அவளுடைய உடம்பு தன் சொந்தச் சிவப்பணுக்களையே பகையாளி என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரிப் போய், கண் மஞ்சளாகி, மூத்திரம் பால் விடாத சாயத் தண்ணியின் நிறத்துக்கு வந்திருந்தது. பேராதனை மிருக வைத்தியசாலையில் இளம் டொக்டராக இருக்கும் விவேகானந்தன் அங்கே வேறொரு நாயின் இரத்தத்தை ஏற்றி அவளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். "நாட்டு வருத்தம் நாய்க்கும் வந்திட்டுது" என்று அப்பா சோதிலிங்கம் சொன்னதும் அன்றைக்குத்தான்.

வீட்டிலே விழுங்குகிற குளிசையோடு ஒரு ஊசியும் தொடர்ந்து போடவேண்டும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. இரத்தம் கட்டிபடாமல் இளக்கி வைக்கிற மருந்து. காலை ஆறும் இரவு பத்தும் மகனுடைய பொறுப்பு. பகல் இரண்டு மணி ஊசி, சனி ஞாயிறு உட்பட, அம்மாவுடையது.

"ரத்தமே இல்லாத சீவனுக்கு ரத்தத்தை இளக்கிற மருந்தோ?" என்று டீச்சர் முதல் நாளே கேட்டார்.

"இது ரத்தத்தைக் குறைக்கிற மருந்தில்லை, அம்மா. அணுக்கள் உடையிறதாலை உள்ளுக்கை ரத்தம் கட்டிபடப் பாக்குது. ஒரு கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சு நிண்டிடும். இந்த வருத்தத்திலை கன நாயள் சாகிறது ரத்தம் இல்லாமல் இல்லை, ரத்தம் கட்டித்தான்."

டீச்சர் தலையாட்டினார். தலையாட்டியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டவர்கள் அல்லர்.

மகன் ஒவ்வொரு நாள் காலையும் பகல் ஊசியில் மருந்தை நிரப்பி, பிறிட்ஜின் முட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போவான். போட்டதும் பிறிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணையில் சிவப்புப் பேனாவால் சரி போடவேண்டும். முதல் மூன்று நாளும் டீச்சர் ஒழுங்காகப் போட்டார். மூன்றாம் நாள் ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பெருவிரலால் நன்றாகத் தேய்த்தார். பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் நம் வீடுகளில் தேய்த்துவிடுவோமே, அப்படித்தான். இரத்தம் கசிந்தது. துடைக்கத் துடைக்கக் கசிந்தது. மறுநாள் அந்த இடம் நாவற்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

இருக்கிற நாலு சொட்டையும் நானே வெளியில் எடுத்துவிடுகிறேன் என்று அவருக்குப் பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் ஊசியைக் கையில் எடுத்தார். றோசி வாலை ஆட்டினாள். டீச்சரால் முடியவில்லை. அட்டவணையில் மட்டும் சரி போட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஆறு சரி. ஆறும் பொய்.

எனக்கு டீச்சர் மேல் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர் அந்த ஊசிகளை எறியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மருந்து போகாமல் தடுத்த காலத்தில் அவருடைய தங்கையின் கணவர் ஒரு போத்தல் இன்சுலின் கிடைக்காமல் செத்துப்போனார். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து டீச்சர் மருந்து எறிவதில்லை. பாதிக் குளிசையைக்கூடக் கடதாசியில் சுற்றி வைப்பார். அதனால் ஆறு ஊசிகளும் மருந்து நிரப்பியபடியே ஒரு பழைய பால்மாத் தகர ரின்னுக்குள் போய், அலுமாரியில் கலியாணக் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தன.

மருந்து நிரப்பிய ஊசிகள், ஒரு தமிழ் வீட்டு அலுமாரியில், ஒளித்து. தை மாதம் குண்டு வெடித்து ஐந்து கிழமைகூட ஆகாத கண்டியில்.

பதினொரு மணிக்கு வாசலில் ஓட்டோ வந்து நின்றது. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் மடவளை முஹைதீன். செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே வந்தார்.

"டீச்சர், பதறாதீங்க. தம்பிய செக்பொயின்ற்ல பஸ்ஸால எறக்கி எடுத்துட்டாங்க. நான் பின்னாலயே ஸ்டேசனுக்குப் போய்ட்டு வாறேன்."

டீச்சர் அடுப்பை அணைத்தார்.

"பையில எட்டுப் போத்தல் மருந்து, ஒரு பெட்டி ஊசி. நாய்க்கு மருந்துண்டு தம்பி சென்னாரு. அவனுங்க சிரிச்சானுங்க. நாய்க்கு எட்டுப் போத்தலாண்டு கேட்டானுங்க. காயப்பட்ட ஆக்களுக்கு வடக்குக்குப் போற மருந்தாம் இது."

"அடையாள அட்டையைக் காட்டேல்லையோ?"

"காட்டினாரு, வைத்தியசாலைக் கடிதமும் காட்டினாரு. கடிதம் ஆரும் அடிக்கலாமாம். அங்கத்த பெரிய டொக்டர் கொழும்புலயாம், திங்கக்கெழமதான் வருவாராம். இப்ப ஸ்டேசன்ல வச்சீக்காங்க. ரெண்டு மணிக்குள்ள நாயையும் மருந்துக் கணக்குத் தாளையும் கொண்டுவரச் சொல்லி இன்ஸ்பெக்டர் சென்னாரு. நாயைக் கண்டாத்தான் நம்புவாராம்."

சோதிலிங்கம் அறைக்குள்ளிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு ஒருமுறை அவரைப் பயமுறுத்தியிருந்தது. அவர் பிறிட்ஜ் கதவிலிருந்து அட்டவணையைக் கவனமாக உரித்தெடுத்தார்.

"நல்ல காலம், நீர் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைச்சிருக்கிறீர். இது போதும்."

டீச்சர் அலுமாரியைத் திறந்து ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"இதென்ன?"

"மத்தியான ஊசியள்."

"எத்தினை?"

"ஆறு."

சோதிலிங்கம் கதிரையில் உட்கார்ந்தார்.  வெளியே முஹைதீன் ஓட்டோவைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"காலமை அவன் கேட்டவன். நீர் ஓம் எண்டனீர்."

"ஓம்."

"சொல்லியிருந்தால் அவன் இத்தினை மருந்து எடுக்கப் போயிருக்கமாட்டான், சரோ."

அது டீச்சருக்கும் தெரியும். முஹைதீன் 'எட்டுப் போத்தல்' என்று சொன்ன கணத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

"சரி, கேளும்" என்றார் சோதிலிங்கம், கச்சேரிக் குரலில். "இதைக் கக்கூசுக்கை ஊத்தும். ஊசியளை உடைச்சுப் புதையும். தாளிலை எல்லாம் சரியெண்டு கிடக்கு. அந்தத் தாள்தான் இப்ப பிள்ளையைக் காப்பாத்தும். அவங்கள் வீட்டைச் சோதிக்க வந்து இதைக் கண்டால் பிறகு ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. டீச்சர் ரின்னோடு போய்க் கக்கூசுக்குள் நின்றார். முதல் ஊசியின் மூடியைக் கழற்றினார். அழுத்த முடியவில்லை. தங்கையின் கடிதத்தில் இருந்த ஒரு வரி மனதில் ஓடியது. போத்தலைக் கழுவின தண்ணியாவது கிடைச்சிருந்தால் அவருக்குக் குத்தியிருப்பன் அக்கா, என்று எழுதியிருந்தாள். டீச்சர் மூடியைத் திரும்பப் போட்டார்.

வெளியே வந்தபோது கணவர் நாக்கின் கீழ் ஒரு குளிசையை வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். அவரால் வர முடியாது. டீச்சர் றோசியைக் கூடையில் தூக்கி வைத்து, அவளுக்குக் கீழே மடித்த படுக்கைத் துணிக்குள் ரின்னைச் செருகினார். பாலத்தில் போகும்போது மகாவலிக்குள் போட்டுவிடலாம் என்று நினைப்பு.

கூடையைப் பார்த்ததும் முஹைதீன் ஒரு கணம் தயங்கினார். றோசியின் வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது.

"வேறை ஓட்டோ பாக்கட்டோ, தம்பி?" என்றார் டீச்சர்.

"எங்கட மார்க்கத்துல நாய் எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும் டீச்சர். அது என்ட வேல. நீங்க ஏறுங்க."

பாலத்தில் இருபது அடிக்கு ஒரு ஆமிக்காரன் நின்றான். ஓடுகிற ஓட்டோவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் ஒரு ரின்னை ஆற்றுக்குள் எறிவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று டீச்சருக்கு அங்கே வந்த பிறகுதான் உறைத்தது. கை துணிக்கு மேலேயே இருந்தது. பாலம் முடிந்துவிட்டது.

பொலிஸ் நிலைய வாசலில் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கூடைக்குக் குனிந்த பொலிஸ்காரன், றோசி இருமியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போகச் சொன்னான்.

விவேகானந்தன் சுவரோரம் வாங்கில் இருந்தான். சேட்டின் ஒரு பொத்தான் பறந்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தான். உதடு அசைந்தது. மூச்சை எண்ணுகிறான் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

முஹைதீன் இன்ஸ்பெக்டர் என்று சொன்ன உப பரிசோதகர் நாற்பது வயது மனிதர். கத்தவில்லை. டீச்சரைக் கதிரையில் உட்காரச் சொன்னார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. டீச்சருக்கு நல்ல சிங்களம். உப பரிசோதகர் அட்டவணையை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு சரியையும் தொட்டுக்கொண்டே போனார்.

"நாளுக்கு மூன்று. ஒன்றுகூடத் தவறவில்லை."

"இல்லை, சேர்."

"இந்த மருந்து போட்டால் இரத்தம் கட்டாது, மூச்சு அடைக்காது என்று உங்கள் மகன் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளை." அவர் எழுந்து வந்து கூடைக்குள் பார்த்தார். றோசியின் விலா படபடவென்று ஏறி இறங்கியது. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. "ஒன்றுகூடத் தவறாமல் மருந்து போட்ட நாய் இப்படி இருக்குமா? எனக்கு நாய் வைத்தியம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. நோய் நாய் ஒன்றைக் காட்டி, மருந்தை வேறெங்கோ அனுப்புகிறீர்கள்."

"இல்லை, சேர்!" என்றான் விவேகானந்தன்.

"நீ பேசாதே."

பிள்ளையைக் காப்பாற்றும் என்று கணவர் நம்பிய தாள், ஒரு பிழையும் இல்லாததாலேயே பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் குனிந்தார். றோசியை ஒரு கையால் தூக்கி, மறுகையால் துணிக்குள்ளிருந்து ரின்னை எடுத்து, மூடியைத் திறந்து மேசையில் வைத்தார். வாசல் பொலிஸ்காரன் துவக்கை நேராக்கினான்.

"நான் போடவில்லை, சேர். ஆறு நாள் பகல் ஊசியை நான் போடவில்லை. போட்டதாகச் சரி போட்டேன். மகனுக்குத் தெரியாது. மருந்து போதவில்லை என்று நினைத்துத்தான் அவன் கூட எடுக்கப் போனான். தவறு முழுக்க என்னுடையது."

 உப பரிசோதகர் ரின்னைத் தன் பக்கம் இழுத்து எண்ணினார். பிறகு ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை, அம்மா?" என்று தமிழில் கேட்டான் விவேகானந்தன்.

"ஆறு."

அவன் கண்ணை மூடித் திறந்தான். திட்டுவான் என்று டீச்சர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப பழைய அளவு போதும். கூட்டத் தேவையில்லை" என்றான். எட்டுப் போத்தல் தேவையே இருந்திருக்காது என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, சிங்களத்தில், "சேர், இரண்டு மணி. இப்போதாவது போட விடுங்கள்" என்றான்.

உப பரிசோதகர் பறித்து வைத்த பெட்டியிலிருந்து ஒரு போத்தலையும் ஒரு புது ஊசியையும் எடுத்து மேசையில் தள்ளினார்.

"நீ தொடாதே. அம்மா போடட்டும். நானும் பார்க்கிறேன்."

டீச்சர் மருந்தை எடுத்தார். மகன் வாங்கில் இருந்தபடியே சொன்னான். "கோடு வரைக்கும். காத்தைத் தட்டி விடுங்கோ. தோலை ரெண்டு விரலாலை தூக்குங்கோ. ஓம். மெதுவா." றோசி அசையவில்லை, அசைய அவளிடம் பெலன் இல்லை. ஊசி வெளியே வந்ததும் டீச்சரின் பெருவிரல் தானாக அந்த இடத்துக்குப் போனது.

"தேய்க்காதேங்கோ!"

அவன் கத்திய கத்தலில் பொலிஸ்காரர்கள் திரும்பினார்கள்.

"தேய்ச்சால் உள்ளுக்கை ரத்தம் கண்டும், அம்மா. பஞ்சை வைச்சு மூண்டு நிமிசம் அமத்திப் பிடிச்சால் காணும்."

டீச்சர் அமத்திப் பிடித்தார். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. பஞ்சை எடுத்தார். ஒரு பொட்டு இரத்தமும் இல்லை.

இவ்வளவுதானா? ஆறு நாள், ஆறு ஊசி, ஒரு பிள்ளை. எல்லாவற்றுக்கும் மூன்று நிமிடம் பிடித்திருந்தால் போதுமா? டீச்சர் அப்போதுதான் அழுதார், பொலிஸ் நிலையத்தில், எல்லார் முன்னாலும்.

"நான் இதை உங்களுக்குச் சொல்லித் தரேல்லையோ?"

"இல்லை, தம்பி."

"அப்ப என்னிலையும் பிழை இருக்கு" என்றான் அவன்.

உப பரிசோதகர் அட்டவணையையும் ரின்னையும் ஒரு பெரிய கடதாசிப் பைக்குள் போட்டு ஒட்டினார்.

"நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர். நான் என்ன எழுதுவது? இந்தத் தாள் பொய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி அந்த வைத்தியசாலைக் கடிதம் பொய்யில்லை என்று எப்படி எழுதுவேன்? திங்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பெரியவர் வருகிறார். இவரைக் கொழும்புக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தான் சொல்வார். அந்தப் பெரிய டொக்டரையும் வரச் சொல்லுங்கள். நாயைக் கொண்டு வாருங்கள்."

"அதுவரைக்கும் அது..."

"செத்த நாயை வைத்துக்கொண்டு அவருக்கு நான் என்ன காட்டுவது?"

அந்த ஒரு போத்தலை மட்டும் கொண்டுபோக விட்டார். மற்ற ஏழும் தடயப் பொருள். கூடையோடு எழுந்த டீச்சரிடம் விவேகானந்தன் சொன்னான்: "ராத்திரி பத்து, காலமை ஆறு. நீங்கள்தான், அம்மா. அப்பாவின்ரை கை நடுங்கும்."

கொழும்புக்குப் போன பிள்ளைகளைத் தேடித் திரிகிற தாய்மாரைக் கண்டித் தமிழர் எல்லாருக்கும் தெரியும். வீடு வரும்வரை டீச்சர் கூடையை மடியிலேயே வைத்திருந்தார்.  முஹைதீன் அவர்களை இறக்கிவிட்டு, முற்றத்துக் குழாயடியில் மண் அள்ளி ஓட்டோவின் சீற்றைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.

"மகன் எங்கை?" என்று சோதிலிங்கம் கேட்டார்.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். ரின்னைத் தானே எடுத்துக் கொடுத்ததைச் சொன்னபோது சோதிலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அன்று முழுவதும் மனைவியோடு பேசவில்லை.

டீச்சர் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துப் புதுத் தாளில் அட்டவணை கீறினார். மாசி 1998. பழைய நாட்களையும் ஞாபகத்திலிருந்து எழுதி, ஆறு கட்டங்களில் 'போடவில்லை' என்று எழுதினார். வீட்டிலிருந்த போத்தல் காலையோடு முடிந்திருந்தது; புதுப் போத்தலில் மொத்தம் பன்னிரண்டு ஊசிக்குத்தான் மருந்து. பொலிஸில் போட்டதோடு இன்றைக்கு இரண்டு, வெள்ளி சனி ஞாயிறு ஒன்பது, திங்கள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டாவது. ஒரு சொட்டுச் சிந்தவும் இடமில்லை.

கடைசியாக ஒரு புது நிரல் கீறி, தலைப்பில் 'மூச்சு' என்று எழுதினார். பிறகு தரையில் உட்கார்ந்து, மணிக்கூட்டை மடியில் வைத்து, மகன் எண்ணுவதைப் போலவே றோசியின் விலாவை எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

காலையில் அறுபத்திநாலு. இப்போது எழுபத்திரண்டு. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, எழுபத்திரண்டு என்றே எழுதினார்.